செவந்தியின் முதுகுச் சுழி

“படத்தம்மாவுக்கு சின்னப்பொண்ணு சொல்லி எழுதுவது. நீங்கள் வரைந்த படத்தால் என் மகன் கல்யாணம் நின்றுவிட்டது. உடனே புறப்பட்டு வந்து மாட்டைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போகவும்.”

எண்பதுகளின் தொடக்கம் அது. மெட்ராஸில் நான் வேலை பார்த்த அருங்காட்சியகத்துக்கு ஒரு திங்கட்கிழமை காலை இந்த இன்லேண்டு கடிதம் வந்தது. கையெழுத்து ஜவ்வாது மலைப் பள்ளிக்கூடத்து வாத்தியாருடையது. கோபம் சின்னப்பொண்ணுடையது. அந்தக் கோபத்தை நேரில் அனுபவித்தவள் என்பதால் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். உடைந்த பானை ஓடுகளை அளந்து வரைவது, கண்ணாடிப் பெட்டிக்குள் பஞ்சடைத்து வைத்த கொக்குக்குப் பின்னால் குளமும் வானமும் தீட்டுவது, பெயர்ப் பலகை எழுதுவது. சம்பளப் பட்டியலில் ஓவியர். பார்க்க வருகிறவர்கள் கொக்கைப் பார்ப்பார்கள்; வானத்தை எவனும் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருடம் இப்படியே ஓடிவிட்டது.

முந்தைய வருடம் ஜவ்வாது மலை மக்களின் வாழ்க்கையைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்க முடிவானபோது, வரைந்து வரச் சொல்லி என்னை மூன்று வாரம் மலைக்கு அனுப்பினார்கள். சின்னப்பொண்ணு வீட்டில் தங்கினேன். கணவர் இல்லை, ஒரே மகன் வேடியப்பன், கொஞ்சம் சாமை நிலம், நாலு புளியமரம், செவந்தி என்ற பசு. மனிதர்களை வரைவதற்குள் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. உட்காரச் சொன்னால் எழுந்து போய் எண்ணெய் தடவிச் சீவிக்கொண்டு வேறு ஆளாக வருவார்கள். செவந்திதான் நின்ற இடத்தில் நின்றது. கோபத்தில் அதையே மூன்றடி அகலத்துக்கு ஆயில் பெயிண்டில் வரைந்து தள்ளினேன்.

கண்காட்சி திறந்த வாரத்தில் மலையிலிருந்து முப்பது பேரை பஸ் வைத்து அழைத்து வந்தார்கள். முறம், கூடை, உரல், தேன் எடுக்கும் கயிறு எல்லாவற்றையும் அவர்கள் ஒரே ஓட்டமாகக் கடந்தார்கள். “எங்க வூட்டு மொறத்தப் பாக்கவா இம்மாந்தூரம் இட்டாந்தீங்க?” என்று ஒரு அம்மாள் எங்கள் அதிகாரியையே கேட்டாள். ஒரே ஒரு ஆள் மட்டும் செவந்தி முன்னால் நின்றுவிட்டார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லி, கழுத்தில் துண்டு. பத்து நிமிஷம் அந்தப் படத்தை விட்டு நகரவில்லை. கிட்டே போனார், தள்ளி வந்தார், மறுபடி கிட்டே போனார். பிறகு துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.  நான் வரைந்த ஒன்றைப் பார்த்து ஒரு மனிதன் அழுகிறான்! பாளையங்கோட்டையில் இருக்கும் என் அக்காவுக்கு அன்றே நாலு பக்கம் எழுதினேன். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. கேட்டால் அந்த நிமிஷம் கெட்டுவிடும் என்று ஒரு எண்ணம். எத்தனை கர்வம் பாருங்கள்.

அவர் பெயர் சடையன் என்பதைக் கடிதத்தின் மிச்சப் பாதி சொன்னது. அவர் மகள் ராணியைத்தான் வேடியப்பனுக்குப் பேசியிருந்தார்கள். பரிசமாகச் செவந்தியைப் பெண் வீட்டுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. மனிதர் மெட்ராஸ் வந்து படத்தைப் பார்த்தார். பார்த்த இடத்தில், செவந்தியின் முதுகில் பாடைச்சுழி இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்.

மாட்டின் உடம்பில் ரோமம் சுழித்துக்கொண்டு வளரும் இடத்துக்குச் சுழி என்று பெயர். எந்தச் சுழி எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் நம் பக்கம் ஒருவரும் மாடு வாங்க மாட்டார்கள். பாடைச்சுழி இருக்கும் மாடு எந்த வீட்டுக்குப் போகிறதோ அந்த வீட்டில் சாவு விழும் என்பது நம்பிக்கை. சடையன் மலைக்குத் திரும்பியதும் நேராகச் சின்னப்பொண்ணு வீட்டுக்குப் போய்ச் செவந்தியின் முதுகைத் தடவிப் பார்த்திருக்கிறார். சுழி இல்லை. அது இன்னும் மோசமாகப் போயிற்று. சுழியைச் சூடு வைத்துப் பொசுக்கி மறைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். ‘மாட்ட மாத்தலாம், படத்த மாத்த முடியுமா? பட்டணத்து அம்மாவுக்குப் பொய் சொல்லி இன்னா ஆவணும்’ என்றாராம்.

அந்த வரியைப் படித்துச் சிரித்தேன். பிறகு படம் இருந்த கூடத்துக்குப் போனேன். சிரிப்பு நின்றது.

இருந்தது. திமிலுக்குப் பின்னால், முதுகுத்தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, வெளிச்சம் விழுந்த இடத்தில் ரோமம் வட்டமாகச் சுழித்துக்கொண்டு இருந்தது. தினமும் பார்த்த படம்தான். வெளிச்சம் என்று நினைத்துத்தான் பார்த்திருக்கிறேன். அதை நான் மாட்டில் பார்த்து வரைந்தேனா, நானாகப் போட்டேனா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. பார்த்து வரைந்திருந்தால் சின்னப்பொண்ணு ஏமாற்றுக்காரி. நானாகப் போட்டிருந்தால் ஒரு கல்யாணத்தைக் கெடுத்தவள் நான்.

எங்கள் அதிகாரியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, படத்தைப் ‘பழுதுபார்க்க’ ஒரு வாரம் வெளியே கொண்டுபோகலாம் என்று எழுதிக் கொடுத்தார். பெயிண்ட் பெட்டியோடு செவந்தியைப் பழைய போர்வையில் சுற்றிக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மூன்றடிப் படத்தோடு பஸ்ஸில் போகிறவர்களுக்கு என் அனுதாபம். வேலூர் வரைக்கும் அது என் மடியில் உட்கார்ந்து வந்தது. எனக்கு முன்சீட்டு, ஜன்னல், வெளியே ஓடிய ஊர்கள் எதுவும் தெரியாது. போர்வையின் கட்டம் மட்டும் தெரியும். வேலூரில் ஒடுகத்தூர் பஸ் மாறினால், அந்தக் கண்டக்டர் படத்தை ஏற்றவே மாட்டேன் என்றார்.

“இன்னாம்மா அது, கதவா?”

“படம்.”

“இன்னா படம்?”

“மாடு.”

“மாட்டையெல்லாம் பஸ்ஸுல ஏத்தக் கூடாதும்மா” என்றார், முகத்தில் ஒரு சிரிப்பு இல்லாமல். பஸ் முழுக்கச் சிரித்தது. சிரிப்போடு சிரிப்பாகப் படத்தைப் பின்சீட்டில் நிற்க வைத்துவிட்டேன்.

 பஸ்ஸில் சந்தைக் கூட்டம். ஒரு பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டதில் போர்வை அவிழ்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் கண்ணமங்கலத்து மாட்டு வியாபாரி. வெற்றிலையை மென்றுகொண்டே படத்தைக் கொம்பிலிருந்து வால் வரைக்கும் நிதானமாகப் பார்த்தார்.

“நல்ல மாடு. மடி பாரு, நெஞ்சு பாரு. ஈத்து ரெண்டு இருக்கும், இல்ல?”

“ஆமாம்” என்றேன், பெருமையாக.

“ஆனா வாங்காதீங்க. முதுவுல பாடை கீது.”

 சுழியைப் பொசுக்கினால் மறையுமா என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார். “காயவெச்ச கரண்டிய ஒரு இழுப்பு இழுத்தா ஆறு மாசத்துக்கு ஒண்ணியும் தெரியாது. நம்ம தொழில்ல பண்றவங்க கீறாங்க. நான் பண்ண மாட்டேன்.” கடைசி வாக்கியத்தை அவ்வளவு அவசரமாகச் சொன்னதால் அவரும் பண்ணியிருப்பார் என்று எனக்குப் பட்டது.

ஒடுகத்தூரில் இறங்கியபோது மத்தியானம் தாண்டிவிட்டது. ஒரு ஓட்டலில் இட்லி கேட்டேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து இட்லி கையில் எடுத்தால் உதிரும். இந்த இட்லி எடுத்த கையை எதிர்த்து நின்றது. ஆனால் நிலக்கடலைச் சட்னி ஒன்று வைத்தார்கள். அதற்காக எத்தனை இட்லியையும் மன்னிக்கலாம். “இன்னொரு தபா சட்னி ஊத்தட்டுங்களா?” என்று பரிமாறுகிறவர் கேட்டுக் கேட்டு ஊற்றினார். எங்கள் ஊரில் சட்னிக்குக் கரண்டியைக் கணக்காகத்தான் சாய்ப்பார்கள்.

அன்று அந்த ஊரில் ஒரு நர்ஸம்மா வீட்டில் தங்கினேன். முந்தைய வருடப் பழக்கம். சுவரில் மாதா படம், அதன் கீழே ஊசி மருந்துப் பெட்டி. நடந்ததைக் கேட்டுவிட்டு, “நாங்க கிறிஸ்தவங்க, சுழியெல்லாம் நம்பறது இல்லீங்க” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா மாடு வாங்கறப்ப எங்கப்பா பாப்பாரு” என்றாள்.

மறுநாள் காலையில் வேடியப்பன் வந்து நின்றான். நான் வாத்தியாருக்குப் போட்ட கார்டைப் பார்த்து, என்னை அழைத்துப் போக விடியுமுன் மலை இறங்கியிருக்கிறான். இருபத்தைந்து வயது ஆள். போன வருடம் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். இப்போது வணக்கம் என்பதற்குக்கூட வாய் திறக்கவில்லை. தலையில் சும்மாடு வைத்து, படத்தை அதன்மேல் தூக்கி வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

ஒடுகத்தூர்ப் பக்கமாக ஏறும் அந்தப் பாதையில் பஸ்ஸும் கிடையாது, ஜீப்பும் கிடையாது. முதல் நாள் சந்தைக்கு வந்து தங்கித் திரும்பும் பெண்கள் உப்பும் மண்ணெண்ணெயும் தலையில் வைத்துக்கொண்டு கதை பேசியபடி எங்களைத் தாண்டிப் போனார்கள். நான் வெறுங்கையோடு நாய் மாதிரி இளைத்துக்கொண்டு போனேன். குற்றாலத்தில் படி ஏறியிருக்கிறேன் என்று அதுவரை பெருமை பேசிக்கொண்டிருந்தவள் நான். பாதி மலையில் ஒரு பாறை மேல் உட்கார்ந்தபோது வேடியப்பன் படத்தை இறக்கி நிழலில் வைத்தான். அப்போதுதான் வாயைத் திறந்தான்.

“ராணிக்கு வேற எடம் பாக்கறாங்களாம்மா. வர்ற வாரம் பாக்க வர்றாங்க.”

“ராணி என்ன சொல்லுது?”

“அவங்கப்பாவாண்ட அது இன்னா சொல்லும்?” என்றான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: “எங்கம்மா பொசுக்கி இருக்கும்னு நீங்களும் நெனைக்கிறீங்களா?”

“இல்லை” என்று சொல்லிவிட்டேன். சொன்னபோது அது எனக்கே நிச்சயமாகத் தெரியாது. அந்தப் பொய் மலை உச்சி வரைக்கும் என்னோடு ஏறி வந்தது.

சின்னப்பொண்ணு வாசலிலேயே திட்டுவாள் என்று நினைத்தேன். இல்லை. கால் கழுவத் தண்ணீர் கொடுத்தாள். உட்கார வைத்துச் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டாள். இரண்டாம் தடவையும் போட்டாள். நான் சாப்பிட்டுக் கை கழுவி முடித்ததும் ஆரம்பித்தாள்.

“மூணு வாரம் இந்த வூட்டுச் சோத்தத் தின்னுட்டு, எம் மாட்டு முதுவுல பாடையக் கட்டிட்டுப் போய்க்கிறியே, நல்லாக்கீதா உனுக்கு? ஊருல எவ எம் மூஞ்சியப் பாக்கறா? தண்ணி எடுக்கப் போனா பேச்ச நிறுத்தறாளுங்க. புருசன் போனப்பகூட நான் தல குனியல. இப்போ ஒரு படத்துக்குக் குனிஞ்சிக்கினு கீறேன்!”

  கொட்டகைக்குப் போய்ச் செவந்தியைப் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்ததோ என்னவோ, என் புடவைத் தலைப்பை வாயில் இழுத்தது. முதுகு வழுவழு என்று இருந்தது. விரலால் கோதிப் பார்த்தேன். ரோமம் ஒரே பக்கமாகப் படிந்தது. பொசுக்கின தழும்பும் இல்லை, சுழியும் இல்லை. ஆனால் வியாபாரி சொன்ன ஆறு மாசக் கணக்கு மனசுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் எல்லாரும் சடையன் ஊருக்குக் கிளம்பினோம். இரண்டு மேடு, ஒரு ஓடை தாண்டி நடை. முன்னால் வேடியப்பன் படத்தோடு, நடுவில் நான், பின்னால் சின்னப்பொண்ணு செவந்தியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு. மாடும் மாட்டின் படமும் ஒன்றாகப் போவதைப் பார்த்து வழியில் நிலத்தில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பின்னால் வந்தார்கள். போய்ச் சேரும்போது ஒரு ஊர்வலமே ஆகிவிட்டது.

சடையன் என்னைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். “வாங்கம்மா. படத்தப் போட்டது நீங்கதானா? அன்னிக்கித் தெரியாமப் போச்சே” என்றார். கயிற்றுக் கட்டிலைப் போட்டார், மோர் கொடுத்தார். சின்னப்பொண்ணுவை வா என்று சொல்லவில்லை. அவள் மாட்டோடு புளியமரத்து நிழலில் நின்றாள்.

மோரைக் குடித்ததும் கேட்டுவிட்டேன். “அன்றைக்கு அந்தப் படத்தைப் பார்த்து அழுதீர்களே, எதற்கு?”

“அத்தப் பாத்தீங்களா?” என்று வெட்கப்பட்டார். “அம்மா, அந்தக் கண்ணப் பாத்தேன். ஏழெட்டு வருசம் முன்ன எங்க வூட்ல ஒரு பசு இருந்திச்சி. எம் பொண்டாட்டி சீக்கா கெடந்தப்ப அவகூடவே படுத்துக்கினு இருக்கும். அது பாக்கிற மாதிரியே பாத்துது உங்க மாடு. எம் பொண்ணுக்குப் பரிசமா இந்த மாடுதான் எங்க வூட்டுக்கு வரப்போவுதுன்னு சந்தோசத்துல அழுதேன். அப்பறம் கண்ணு முதுவுக்குப் போச்சு.”

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். அதில் பாதிக்குத்தான் நான் சந்தோஷப்பட முடிந்தது.

படத்தை நிறுத்தி வைத்தோம். “இந்தச் சுழி நான் தவறாகப் போட்டது, மாட்டில் இல்லை” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். பெயிண்ட் பெட்டியைத் திறந்து, இங்கேயே அழித்துவிடுகிறேன் என்று கத்தியை எடுத்தேன். சடையன் குறுக்கே கை நீட்டினார்.

“இத்தத்தான் தரகனுங்களும் பண்றாங்க. மாட்டுல பொசுக்கினது பத்தாதுன்னு படத்துலயும் பொசுக்கறதா?”

“ஐயா, இந்த மாடு வேண்டாம் என்றால் வேறு மாடு கொடுக்கிறார்களாம்” என்றேன்.

“மாடு வேற குடுக்கலாம்மா. மறைக்கிறவங்க வூட்ல பொண்ண எப்டிக் குடுக்கிறது?”

 சின்னப்பொண்ணு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்டது நியாயம் என்பதுதான் அதில் பெரிய கஷ்டம்.

 சடையன் தன் கொட்டகையிலிருந்து ஒரு கறுப்புப் பசுவைப் பிடித்து வந்து மரத்தில் கட்டினார். “இது எம் மாடு. இது ஒடம்புல எத்தினி சுழி, எங்கெங்க கீதுன்னு இந்த ஊருக்கே தெரியும். இத்த வரைங்க. நான் பக்கத்துல குந்திக்கினு பாக்கறேன். கீறத கீறபடி வரைஞ்சீங்கன்னா, அத்தயும் அப்டித்தான் வரைஞ்சிருப்பீங்க.”

ஆத்தாடி! நன்றாக வரைந்தால் கல்யாணம் போயிற்று. மோசமாக வரைந்தால் என் மானம் போயிற்று. வேண்டுமென்றே ஒரு சுழியைப் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. ஆனால் அந்த மனிதர் என் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். ரோமம் ரோமமாக மாடு பார்க்கிற கண் அது. நான் வேஷம் போட்டால் அந்த நிமிஷமே தெரிந்துவிடும். பிறகு சின்னப்பொண்ணுவோடு சேர்ந்து நானும் ஏமாற்றுக்காரி. தவிர, பிழைப்புக்கு வரைகிறவளுக்குத் தெரிந்தே தப்பாக வரைவதற்குக் கை வராது. வருவது வரட்டும் என்று தாளை எடுத்து வாட்டர் கலரைக் கரைத்தேன்.

முதல் அரை மணி முதுகுப் பக்கமே போகாமல் காலையும் குளம்பையும் வரைந்துகொண்டிருந்தேன். கூட்டத்தில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கொம்பு இன்னும் வளையணும் என்றார் ஒருவர். வாலைச் சின்னதாக்கிட்டாங்க என்றாள் ஒருத்தி. சடையன் எல்லாரையும் அதட்டி உட்கார வைத்தார். கண்ணை வரையத் தொடங்கியதும் அவரே எழுந்து கிட்டே குனிந்தார்.

“வந்துடுச்சு. அதே முறைப்பு. எம் மாடுதான்” என்று முணுமுணுத்தார்.

அதற்குப் பிறகு நான் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். கறுப்பு என்று நாம் சொல்கிற மாட்டில் எத்தனை நிறம் தெரியுமா? வயிற்றுப் பக்கம் செம்பு, கழுத்தில் நீலம். புளிய இலைகளுக்கு நடுவே வெயில் வந்து முதுகில் விழுந்தது. ஈ ஒன்று உட்கார, மாடு தோலைச் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பு, அந்த வெயில். வெள்ளையைத் தொட்டேன், வைத்தேன், முடித்தேன். பிரஷைத் தண்ணீரில் போட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

 சடையனின் விரல் என் காதோரமாக வந்து தாளைக் காட்டியது.

“அம்மா, இது இன்னா?”

“எது?”

“இது.”

பார்த்தேன். திமிலுக்குப் பின்னால், முதுகுத்தண்டிலிருந்து ஒரு சாண் அளவு தள்ளி, வெளிச்சம் விழுந்த இடத்தில் வட்டமாக ஒரு சுழி.

சடையன் எழுந்து போய்த் தன் மாட்டின் முதுகைத் தடவினார். எதிர்ப்பக்கமாகக் கோதினார். குனிந்து மூக்கு இடிக்கிற தூரத்தில் வைத்துப் பார்த்தார். திரும்பி வந்து தாளைப் பார்த்தார், செவந்தி படத்தைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். அந்த ஒல்லி உடம்பிலிருந்து அப்படி ஒரு சிரிப்பு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“அடப் பாவமே! எம் மாட்டுக்கும் பாடையக் கட்டிட்டீங்களேம்மா!”

கூட்டம் எழுந்து ஓடி வந்து மொய்த்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெளிச்சம் வைக்கும்போது பிரஷை நுனியில் நிறுத்தி ஒரு திருகு திருகி எடுப்பேன். படிக்கிற காலத்தில் வந்த பழக்கம். அப்படி வைத்தால் வெள்ளை மினுங்கும். அது என் கைக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அதை எல்லாரிடமும் சொல்லி, வேறொரு தாளில் நாலு தடவை திருகிக் காட்டினேன். நாலும் நல்ல கனமான பாடைச்சுழிகள். இருபத்திரண்டு வருடமாக நான் வரைந்த அத்தனை ஆடு, மாடு, குதிரை முதுகிலும் சாவை ஏற்றி வைத்திருக்கிறேன்! வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்கு மேலே ஒரு நிம்மதி, அப்பாடா என்று உடம்பெல்லாம் லேசாகிப் போயிற்று. வேடியப்பனிடம் மலையில் சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிட்டதே!

சடையன் சிரிப்பை நிறுத்திக்கொண்டு மரத்தடிக்குப் போனார். சின்னப்பொண்ணு முன்னால் நின்று துண்டை இடுப்பில் கட்டினார்.

“வாய வுட்டுட்டேன். தப்பு எம் பேருலதான். மன்னிச்சுக்க.”

“எங்கிட்ட ஏன் கேக்கிற?” என்றாள் சின்னப்பொண்ணு. அழுகையைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டிருந்தாள். “எங்க ஊர்க் கெணத்தாண்ட வந்து சொல்லு. அங்கதான எம் மானம் போச்சு.”

“சொல்றேன். நாளைக்கே வந்து சொல்றேன்.”

“நாளைக்கு இல்ல. இன்னிக்கி, தண்ணி எடுக்கிற நேரத்துக்கு.”

“சரி, இன்னிக்கே” என்றார்.

நான் கத்தியை எடுத்துச் செவந்தி படத்தின் சுழியை மெதுவாகச் சுரண்டினேன். பழுப்பு நிறத்தைத் தொட்டு, திருகாமல், நேராக இழுத்தேன். கையைத் திருகவிடாமல் பிடித்துக்கொள்வதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முதுகில் மினுக்கம் போய்விட்டது. மாடு முன்னைவிட மாடாக இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கறுப்புப் பசுவின் படத்திலும் அழித்தால்தான் வீட்டுக்குள் கொண்டுபோவேன் என்று சடையன் சொல்ல, அதையும் அழித்துக் கொடுத்தேன்.

“அப்போ அந்தக் கண்ணு?” என்று கேட்டுவிட்டேன். எனக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது. “அதுவும் என் கைப்பழக்கமாக இருந்தால்?”

சடையன் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “இல்லம்மா. எம்முது முறைக்குது. அது கொஞ்சுது. கண்ணு அதுங்களோடது” என்றார். அக்காவுக்கு எழுதிய நாலு பக்கத்தையும் நான் திரும்ப வாங்க வேண்டியதில்லை.

பிறகு அவர் சின்னப்பொண்ணுவின் கையிலிருந்து செவந்தியின் கயிற்றை வாங்கினார். நாள் குறிப்பதற்கு முன்னாலேயே பரிசமா என்று யாரோ கேட்டார்கள். எப்போ குடுத்தா இன்னா என்று சின்னப்பொண்ணு மூக்கைச் சிந்தினாள். வேடியப்பன் படத்தைப் போர்வையில் சுற்றுகிறேன் என்று தப்புத் தப்பாகக் கட்டிக்கொண்டிருந்தான்.

சடையன் வீட்டைப் பார்த்துச் சத்தம் போட்டார்: “ராணி! உம் மாடு வந்துக்கீது பாரு. தண்ணி வையி.”

கதவு உடனே திறந்தது. நாங்கள் வந்ததிலிருந்து ஒரு தடவைகூட வெளியே தலைகாட்டாத அந்தப் பெண் இரண்டு கையாலும் வாளியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வாளி விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது. எத்தனை நேரமாகக் கதவுக்குப் பின்னால் அதைத் தூக்கிக்கொண்டே நின்றாளோ, அதைக் கீழே வைத்தபோது இரண்டு உள்ளங்கையிலும் பிடியின் கோடு சிவப்பாகப் பதிந்திருந்தது.